முதலில் டயர், பிறகு சைக்கிள்

இரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தண்டவாளத்தைப் பற்றி எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவேன். ஆசிரியர் குழுவினர்தான் பாவம். சைக்கிளைப் பற்றி எழுத இந்த ஆளுக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கக்கூடும். முப்பது மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் இடைவெளிதான் என் தகுதி. அதைச் சொல்கிறேன்.

2023 ஜூலையில் ஒரு சனிக்கிழமை. விடியற்காலை ஐந்தரை மணி இருக்கும். முதல் நாள் இரவு நல்ல மழை. என் மகன் வழக்கம்போல் நந்தி மலைக்குப் புறப்பட்டான். தொம்மலூரிலிருந்து அறுபது கிலோமீட்டர் போல வரும். 1478 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில் ஏறி இறங்கி வீட்டுக்கு வந்து, பத்து இட்லி சாப்பிட்டுவிட்டுத் தூங்குவது அவனுடைய சனிக்கிழமை. கம்ப்யூட்டர் கம்பெனி வேலையில் வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது நல்லதுதான் என்று நானும் பேசாமல் இருந்தேன். அன்று அவன் நந்தி மலையைப் பார்க்கவில்லை. வீட்டிலிருந்து அறுநூறு மீட்டர்கூடப் போகவில்லை. மழைநீர் வடிகால் மேல் போட்டிருந்த இரும்புக் கிராதி மூடியில் முன்சக்கரம் இறங்கிச் சிக்கிக்கொண்டது. வண்டி நின்றுவிட்டது, அவன் நிற்கவில்லை. காறை எலும்பு முறிந்தது. தலையில் ஹெல்மெட் இருந்ததால் மற்றதற்கெல்லாம் தப்பித்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே மருமகள் என்னிடம் வந்து, "மாமா, அந்த வண்டிய இன்னைக்கே வித்துடச் சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாரு" என்றாள். மகன் கட்டிலில் இருந்தபடியே, "அப்பா, தப்பு வண்டி மேல இல்ல, ரோட்டு மேல" என்றான். இரண்டு பேருக்கும் நடுவில் நான். என்ன சொல்வது? இரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி தடம் புரண்டால் யார் மேல் தப்பு என்று பேசுவதற்கு முன் அளவெடுக்க வேண்டும். சக்கரத்தையும் அளக்க வேண்டும், பாதையையும் அளக்க வேண்டும். மறுநாள் சாயங்காலம் ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போனேன்.

கிராதியின் கம்பிகள் சாலை போகும் திசையிலேயே நீளவாக்கில் இருந்தன. கம்பிக்கும் கம்பிக்கும் இடையே 30 மி.மீ. மகனின் டயர் அகலம் 25 மி.மீ. இதற்கு மேல் விசாரணைக் கமிஷன் எதற்கு? என்னுடைய பழைய ஹெர்குலிஸ் சைக்கிளின் டயர் 40 மி.மீ. அதே கிராதி மேல் அதை ஏற்றிப் பார்த்தேன். கடகடவென்று சத்தம் போட்டுவிட்டுத் தாண்டிப் போய்விட்டது.

அன்று எனக்குத் தோன்றியதைத்தான் இங்கே சொல்ல வந்தேன். நம்மவர்கள் சைக்கிள் வாங்கும்போது கம்பெனி பெயரைப் பார்க்கிறார்கள், எத்தனை கியர் என்று எண்ணுகிறார்கள், ஒரு விரலால் தூக்கி எடை பார்க்கிறார்கள், நிறம் பார்க்கிறார்கள். டயரைப் பார்ப்பதில்லை. வண்டியோடு வந்த டயர்தானே என்று விட்டுவிடுகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. தினம் போகிற சாலையில் ஆக மோசமான இடம் எது என்று பாருங்கள். அதைத் தாங்கும் டயர் எது என்று முடிவு செய்யுங்கள். பிறகு அந்த டயர் நுழையும் சைக்கிளைத் தேடுங்கள்.

பந்தயச் சைக்கிள் என்றால் டயர் மெல்லியதாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. என் மகனுக்கும் இருந்தது. மெல்லிய டயரில் காற்றைக் கல்லுப்போல அடித்தால் வேகம் போகும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வையுங்கள். பின்சக்கரத்தின் மேல் அதில் அறுபது சதவீதம், 48 கிலோ, அதாவது சுமார் 106 பவுண்டு இறங்குகிறது. சதுர அங்குலத்துக்கு 106 பவுண்டு காற்றடித்தால் டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஒரு சதுர அங்குலம். பெரிய தபால்தலை அளவு. 60 பவுண்டு அடித்தால் ஒன்றே முக்கால் சதுர அங்குலம். உங்கள் உயிர் இந்த இரண்டு தபால்தலை மேல்தான் உருண்டு போகிறது. ஈரச் சாலையில் வளைவு திரும்பும்போது எது தேவலை என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, வேகம் குறையாதா என்று கேட்பீர்கள். கண்ணாடி மாதிரி வழவழப்பான தளத்தில் கெட்டியான டயர் நன்றாகத்தான் ஓடும். எங்கள் இரயில் சக்கரம் அப்படித்தான்; இரும்பின் மேல் இரும்பு, அதைவிட லேசாக உருளும் சக்கரம் சாலையில் கிடையாது. (இரயில் சக்கரத்திலும் டயர் என்று ஒன்று உண்டு. அது சூடேற்றி மாட்டும் எஃகு வளையம். காற்றும் கிடையாது, பங்க்சரும் கிடையாது.) ஆனால் அந்தச் சக்கரத்துக்கு நாங்கள் தண்டவாளம் போட்டுக் கொடுக்கிறோம். ஒட்டுப்போட்ட தார்ச் சாலையில் கெட்டியான டயர் ஒவ்வொரு சரளைக் கல்லுக்கும் ஆளையும் வண்டியையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. தூக்குவதற்குச் செலவாவது உங்கள் கால் பலம். கொஞ்சம் அகலமான, கொஞ்சம் மெத்தென்ற டயர் அந்தக் கல்லைத் தனக்குள் விழுங்கிக்கொண்டு போய்விடும். இதை ஐரோப்பியப் பந்தய வீரர்களே இப்போது ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இருபது வருடம் முன்பு 23 மி.மீ. டயரில் ஓடியவர்கள் இன்று 28, அதற்கு மேலும் போட்டுக்கொண்டு அதைவிட வேகமாக ஓடுகிறார்கள். அங்கே சாலையும் நம் சாலையைவிட நன்றாக இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

தொம்மலூருக்கு என் சிபாரிசு 32 முதல் 40 மி.மீ. வரை. அறுபது, எழுபது கிலோ எடையுள்ள ஆள் 32 மி.மீ. டயரில் 55 முதல் 65 பவுண்டு காற்று வைத்தால் போதும். பின்சக்கரத்தில் கொஞ்சம் கூடுதல், முன்சக்கரத்தில் கொஞ்சம் குறைவு. கட்டை விரலால் அமுக்கிப் பார்த்துச் சொல்வதெல்லாம் அந்தக் காலம். மீட்டர் வைத்த பம்ப் ஒன்று வாங்கிவிடுங்கள். புதிய சைக்கிள்களில் பிரெஸ்டா என்று ஒல்லியான வால்வு வருகிறது. பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் குழாய் அதில் நிற்காது. சிறிய பித்தளைக் குமிழ் ஒன்று கிடைக்கும், அதை மாட்டினால்தான் நிற்கும். அதை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளாமல் ஊருக்கு வெளியே போகாதீர்கள்.

டயரின் மேல்பட்டை பற்றியும் ஒரு வார்த்தை. மழைக்காலம் வருகிறது, பட்டன் பட்டனாகப் பல்லிருக்கும் டயர் போட்டால் வழுக்காது என்று நினைக்கிறோம். கார் டயரில் இருக்கும் தோடு தண்ணீரை வெளியே தள்ளுவதற்கு. சைக்கிள் டயர் குறுகலானது, வேகமும் குறைவு. தண்ணீரை அதுவே கிழித்துக்கொண்டு தாரைத் தொட்டுவிடும். ஈரத் தாரில் வழுவழுப்பான டயர்தான் நன்றாகப் பிடிக்கும். பல் வேண்டியது சேற்றுக்கும் களிமண்ணுக்கும் மட்டும். தார்ச் சாலையில் பல் டயர் ஊர்ர் என்று சத்தம் போட்டு உங்கள் சக்தியைத் தின்னும், அவ்வளவுதான்.

இப்போது என் வெட்கக்கேடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மகன் கையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டு கிடந்த நாட்களில், அவன் வண்டிக்கு அகலமான டயர் வாங்கிப் போட்டுவிடுவோம் என்று நானே கிளம்பினேன். "28 சைஸ் டயர்" என்று கேட்டேன். கடைக்காரர் 28 × 1½ என்று போட்டிருந்த டயரை எடுத்துக் கொடுத்தார். என் ஹெர்குலிஸ் டயரிலும் அதே எண்தான், பழக்கமான எண். சந்தோஷமாக வாங்கிக்கொண்டு தொம்மலூர் கிராமத்துப் பக்கம் இருக்கும் மெக்கானிக்கிடம் போனேன். மாட்டிப் பார்த்தால் டயர் ரிம்மின் மேல் தொளதொளவென்று தொங்குகிறது. அவர் சிரித்துக்கொண்டே, "ஆகல்லா சார்" என்றார். சக்கரத்தை அளந்து வாழ்ந்தவன், சைஸ் தெரியாமல் நின்றேன்.

விஷயம் இதுதான். 28 என்ற ஒரே எண்ணுக்குச் சைக்கிள் உலகத்தில் மூன்று பொருள் இருக்கிறது. நம் நாட்டுப் பழைய கறுப்புச் சைக்கிளின் 28 × 1½ டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மி.மீ. ஐரோப்பாவிலிருந்து வரும் சில டயர்களில் 28 அங்குலம் என்று போட்டிருக்கும், அதன் விட்டம் 622 மி.மீ. மூன்றாவது, 700 × 28 என்று எழுதியிருந்தால் அந்த 28 விட்டமே அல்ல, மில்லிமீட்டரில் டயரின் அகலம். பிராட்கேஜ் 1676 மி.மீ., மீட்டர்கேஜ் 1000 மி.மீ.; இரண்டும் சந்தித்த பெங்களூர் சிட்டி ஸ்டேஷன் காலத்தில் சரக்கை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றதில் ஏற்றியே தீர வேண்டும். அதைப் பார்த்தவனுக்கு வெறும் 13 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

இந்தக் குழப்பத்துக்கு மருந்து டயரின் பக்கவாட்டிலேயே இருக்கிறது. பெரிய எழுத்தை விட்டுவிட்டுச் சின்ன எழுத்தைத் தேடுங்கள். 32-622 என்பது போல் இரண்டு எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம்மில் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். இரண்டாவது எண் பொருந்தினால்தான் மாட்ட முடியும். பிள்ளைகளின் 26 அங்குல மவுண்டன் சைக்கிளுக்கு அது 559. இப்போது வரும் 27.5க்கு 584. 29 என்று விற்பதும் 622தான், பெயர்தான் புதிது. உங்கள் வீட்டுச் சைக்கிளின் எண்ணை டைரியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் அங்குலம் பேசாதீர்கள்.

டயர் முடிவானால் அது நுழையும் வண்டி வேண்டுமே! மகனின் பந்தயச் சைக்கிளில் போர்க்குக்கும் டயருக்கும் நடுவே சுண்டு விரல் நுழையாது. 28 மி.மீ. வரைதான் இடம். அதை மாட்டினாலும் அந்தக் கிராதியில் அதே கதிதான். அதோடு அந்தப் போர்க் கார்பன் நாரில் செய்தது. விழுந்த பிறகு வெளியே ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே எப்படி என்று யாருக்குத் தெரியும்? தண்டவாளத்துக்குள் இருக்கும் விரிசலைக் கண்டுபிடிக்க எங்களிடம் அல்ட்ராசானிக் கருவி இருந்தது. வாசலில் நிற்கும் சைக்கிளுக்கு அதை எங்கே தேடுவது? எஃகு என்றால் முதலில் வளையும், உங்களுக்கு நேரம் கொடுக்கும். கார்பன் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். அந்தப் போர்க்கைத் தூக்கிப் போடு என்று சொல்லிவிட்டேன். எண்பத்தைந்தாயிரம் கொடுத்து வாங்கிய வண்டி. மகன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் சொன்னேன்.

அந்த நாட்களில்தான் சைக்ளோகிராஸ் என்ற ஒன்றைப் பற்றி மகன் எனக்குச் சொன்னான். பெல்ஜியம், ஹாலந்து நாடுகளில் குளிர்காலத்தில் நடக்கும் பந்தயம் இது. அறுவடை முடிந்த வயல் மாதிரி சேறும் சகதியுமான இடத்தில் ஒரு மணி நேரம் போல ஓட்ட வேண்டும். குறுக்கே பலகை வைத்திருப்பார்கள், படிக்கட்டு இருக்கும். இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி, மறுபடி தாவி ஏற வேண்டும். 1950இலேயே பாரிஸில் இதற்கு உலகப் போட்டி நடந்திருக்கிறது. வீடியோவில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஜோலார்பேட்டையில் மழைக்காலத்தில் என் அப்பா லோகோ ஷெட்டுக்கு வேலைக்குப் போனது இப்படித்தான். அவருக்கு யாரும் பதக்கம் கொடுக்கவில்லை.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தச் சைக்கிளை இன்ஜினியர் கண்ணோடு பார்த்தால் விஷயம் இருக்கிறது. பந்தயச் சைக்கிள் போலவே வளைந்த ஹேண்டில் பார், லேசான எடை. ஆனால் சேறு அடைத்துக்கொள்ளாமல் இருக்க டயரைச் சுற்றித் தாராளமான இடம். அதிகாரபூர்வப் பந்தயத்தில் 33 மி.மீ.க்கு மேல் டயர் போடக் கூடாது என்பது விதி. பந்தயத்துக்குப் போகாத நாம் இடம் இருக்கும் அளவுக்கு எதையும் போட்டுக்கொள்ளலாம். பிரேக்கும் டிஸ்க். மழையில் ரிம் நனைந்தாலும் பிடிக்கும். இந்த ஒரு விஷயத்தில் என் ஹெர்குலிஸுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். ராடு பிரேக், குரோமியம் பூசிய ரிம், அதில் மழைத் தண்ணீர். பிரேக்கை அழுத்தினால் வண்டி யோசித்துவிட்டு அடுத்த தெருவில்தான் நிற்கும்.

சேற்றுப் பந்தயம் பெங்களூரில் எங்கே நடக்கிறது என்று கேட்காதீர்கள். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கேபிள் பதிக்கத் தோண்டி மூடிய எந்தத் தெருவிலும் நடத்தலாம்! நமக்கு வேண்டியது பந்தயம் அல்ல, அந்த இடைவெளி. சைக்ளோகிராஸ் வண்டி இங்கே சுலபமாகக் கிடைக்காது. அதன் தம்பி போல "கிராவல்" என்ற வகை இப்போது கடைகளில் வருகிறது. நாற்பதும் அதற்கு மேலும் டயர் நுழையும். கேரியர், மட்கார்டு பொருத்தத் துளைகளும் பல வண்டிகளில் இருக்கும். எனக்குக் கேட்டால் இதுதான் நம் ஊருக்கு ஏற்றது. அந்த அளவு செலவு முடியாதவர்கள் நேர் ஹேண்டில் பார் வைத்த ஹைப்ரிட் வாங்கலாம். அதிலும் 35, 38 டயர் வரும், விலை பாதிகூட இராது. முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த போர்க் என்று காட்டி ஆசை காட்டுவார்கள். மலிவு வண்டியில் வரும் ஸ்பிரிங் எடையைத்தான் கூட்டும். அந்தப் பணத்தை நல்ல டயரில் போடுங்கள்.

சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளையும் எண்ணிப் பாருங்கள். பழைய சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 40. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி 1949இல் ஆரம்பித்த காலத்திலிருந்து ஹெர்குலிஸ் வண்டிகள் ஊர் ஊராகப் போனதற்கு இந்தக் கம்பிகளும் ஒரு காரணம். நெல் மூட்டை, மண்ணெண்ணெய் டின், முன்பாரில் ஒரு குழந்தை, கேரியரில் மனைவி என்று அத்தனையையும் அவை தாங்கின. ஒரு கம்பி போனாலும் மற்ற கம்பிகள் தாங்கும், தெருமுனைக் கடையில் பெண்டு எடுத்துக்கொண்டு போய்விடலாம். இன்றைய நாகரிகச் சக்கரத்தில் இருபது கம்பிகூட இருப்பதில்லை. ஒன்று போனால் சக்கரம் ஆடி பிரேக்கில் உரசும். அப்புறம் ஆட்டோவில்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

உடை விஷயத்துக்கு வருகிறேன். இதில் எங்கள் வீட்டில் முதலில் எழுந்த பிரச்சினை, மகனின் இறுக்கமான அரைக்கால் சட்டையைக் கொடியில் எங்கே காயப்போடுவது என்பதுதான். என் மனைவி அதை மொட்டை மாடியின் பின்மூலைக்கு நாடு கடத்திவிட்டாள். ஆனால் அது வெறும் அலங்காரம் இல்லை என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். உட்காரும் இடத்தில் மெத்தை வைத்துத் தைத்தது. அதற்குள் வேறு உள்ளாடை போடக் கூடாது. தையல் உரசிப் புண்ணாகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுபவர்களுக்கு அது தேவை. காய்கறி வாங்கப் போகிறவருக்கு வேட்டியே போதும், மடித்துக் கட்டினால் சரி. மேலே பருத்திப் பனியன் நம் பழக்கம். உட்கார்ந்திருக்கும்போது அதைப்போல் சுகம் கிடையாது. வியர்வையில் நனைந்தால் மட்டும் அது காய்வதில்லை. டிசம்பர், ஜனவரி விடியற்காலைப் பனியில் மேட்டில் ஏறிவிட்டு இறக்கத்தில் இறங்கினால் நெஞ்சில் ஈரத்துணி போட்ட மாதிரி இருக்கும். சீக்கிரம் உலரும் பாலியெஸ்டர் பின்னலாடை மேலானது. அதற்கு மேல் காற்றுத் தடுக்கும் மெல்லிய சட்டை ஒன்று, சுருட்டிப் பையில் வைக்கிற மாதிரி.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. துப்பட்டாவைப் பின்னால் முடிந்துகொள்ளாமல் ஏறாதீர்கள். செயின் கவர் இல்லாத புதுச் சைக்கிள்களில் துப்பட்டாவும் சல்வாரின் விளிம்பும் சிக்குவது மிகச் சாதாரணம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் கூடவே பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக் கொடுத்தார்கள். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சேலையோடுதான் ஓட்டினார்கள், ஆண்கள் சைக்கிளையும் ஓட்டினார்கள். சைக்கிளுக்கென்று உடை வாங்க வசதியில்லையே என்று யாரும் நிற்க வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நிறத்தில்தான் எனக்குக் கோபம் வரும். விடியற்காலை இருட்டில் போகிறவர்கள் தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்திக்கொள்கிறார்கள். கேட்டால் அதுதான் இப்போது ஸ்டைலாம். தண்டவாளத்தில் வேலை செய்யும் டிராக்மேன்கள் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில், விளக்கு பட்டால் மின்னும் பட்டை வைத்த மேல்சட்டை போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காகவா கொடுத்தார்கள்? தூரத்தில் வரும் டிரைவர் கண்ணில் பட வேண்டும். அதே சட்டை கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. மகனுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "அப்பா, இத போட்டுக்கிட்டு போனா கேங்மேன் மாதிரி இருக்கேன்" என்றான். உன் தாத்தா பெட்டி நிறையச் சம்பாதித்தது இரயில்வேயில்தான், போட்டுக்கொள் என்றேன். பெட்டி நிறைய என்பது கொஞ்சம் மிகை.

ஹெல்மெட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; என் மகன் உட்கார்ந்து பேசுகிறான், அதுவே போதும். ஒன்று மட்டும். உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற பொருள் ஒரு தடவைதான் நசுங்கிக் காப்பாற்றும். விழுந்த ஹெல்மெட் பார்க்க நன்றாக இருந்தாலும் மறுபடி தலையில் வைக்காதீர்கள். கையுறையும் வேண்டும், விழும்போது எல்லோரும் உள்ளங்கையைத்தான் ஊன்றுகிறோம். ஷூவைப் பெடலோடு மாட்டிக்கொள்ளும் ஏற்பாட்டை ஊருக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். சிக்னலுக்குச் சிக்னல் கால் ஊன்ற வேண்டிய தொம்மலூர் மேம்பாலத்தடியில் அது உதவாது.

லெவல் கிராசிங் பற்றிச் சொல்லாவிட்டால் என் தொழிலுக்குத் துரோகம். அங்கே தண்டவாளத்தை ஒட்டிச் சக்கர விளிம்பு போக ஒரு பள்ளம் விட்டிருப்போம். அது 51 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 57க்கு மேல் போகவும் கூடாது. ஆகவே நான் இவ்வளவு புகழ்ந்த 40 மி.மீ. டயரும் அதில் இறங்கிவிடும். அங்கே டயர் காப்பாற்றாது, கோணம்தான் காப்பாற்றும். பாதை சாய்வாக வந்தாலும் ஹேண்டிலைத் திருப்பி நேர் குறுக்காகக் கடக்க வேண்டும். மழையில் நனைந்த தண்டவாளத்தின் மேல் பிரேக் பிடிக்கவே கூடாது.

மகன் பழைய வண்டியில் நல்ல பாகங்களை விற்று, கொஞ்சம் பணம் போட்டு, ஒருவர் உபயோகித்த கிராவல் சைக்கிள் வாங்கினான். 38-622 டயர். மருமகள் ஒரு மாதம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் அவளே என்னிடம், "மாமா, என் சைஸுக்கு என்ன வண்டி சரியா இருக்கும்?" என்று கேட்டாள். ஸ்கேலை எடுத்தேன்.

ஆனால் இதோடு விஷயம் முடியவில்லை. அந்தக் கிராதியை நான் அளந்துகொண்டிருந்தபோது பக்கத்து அபார்ட்மெண்டில் காவல் வேலை பார்க்கும் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். இராத்திரி ஷிப்டு முடிந்து போகும்போது அதே இடத்தில் போன வருடம் தானும் விழுந்ததாகச் சொன்னார். யாரிடம் வாங்கியதோ, அவருடைய வண்டியிலும் மெல்லிய டயர்தான். முழங்கை மடக்க முடியாமல் மூன்று வாரம் சம்பளமில்லாமல் இருந்தாராம். அவருக்கு நான் 32-622 படித்துக் காட்டி என்ன பயன்? டயர் மாற்றவும் பணம் வேண்டும். இந்தத் தொம்மலூரின் பெயர் சொக்கநாதசுவாமி கோயில் தமிழ்க் கல்வெட்டுகளில் இருக்கிறது என்று நாம் ஒவ்வொரு விழாவிலும் பெருமை பேசுகிறோம். பேசுவோம், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கோயிலுக்குச் சைக்கிளில் வருகிறவரின் முழங்கையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இதற்கு வைத்தியம் மிகச் சின்னது. அந்த மூடி சதுரமானது. நான்கு பக்கமும் அளந்துவிட்டேன். அதைத் தூக்கித் தொண்ணூறு டிகிரி திருப்பி வைத்தால் கம்பிகள் சாலைக்குக் குறுக்காக வந்துவிடும். பிறகு 25 மி.மீ. டயரும் விழாது. புது மூடி வேண்டாம், டெண்டர் வேண்டாம். கடப்பாரையும் இரண்டு ஆட்களும் போதும். எங்கள் தெருவிலிருந்து பெரிய சாலை வரை இப்படி ஐந்து மூடிகள். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் படம் போட்டு, அளவு குறித்து, கன்னடத்தில் மனு எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்தது கீழ் வீட்டு நண்பர். என் கன்னடம் ஸ்டேஷன் கன்னடம். நான்கு தடவை நடந்தேன். ஐந்தாவது தடவை ஓர் இளைஞர் வந்து பார்த்தார், தலையாட்டினார். பத்து நாளில் என் மகன் விழுந்த அந்த ஒரு மூடியை மட்டும் திருப்பி வைத்திருந்தார்கள். நான்கு பாக்கி.

உங்கள் தெருவில் கம்பி நீளவாக்கில் இருக்கும் மூடிகளை எண்ணி, எந்த வீட்டு எண்ணுக்கு எதிரே என்று ஒரு காகிதத்தில் குறித்து என்னிடம் கொடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் ஒன்று திரும்புகிறது. ஐம்பதைச் சேர்த்து சங்கத்தின் பெயரில் கொடுத்தால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழிலிருந்து எட்டரை வரை மீட்டர் பம்பும் ஸ்கேலும் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் இருப்பேன். சைக்கிளையும் கொண்டுவாருங்கள், காற்று சரிபார்த்துத் தருகிறேன். காவல்காரர் போன வாரம் வந்திருந்தார். பின்டயரில் இருபத்தைந்து பவுண்டுதான் இருந்தது.